கையில் வந்த காசும் கணக்கில் வராத காசும்

1. மாலை நேர ஜீப்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே மலை ஏறினால் போடிமெட்டு வரும். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். இடுக்கி மாவட்டம் அங்கே தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஊர்கள் வரும். எங்கு பார்த்தாலும் ஏலத்தோட்டம்.

அதிகாலையில் ஜீப்புகள் மலை ஏறும். ஏலக்காய் எடுக்கும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும். வழியில் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நிற்கும். சிலர் டீ குடிப்பார்கள். சிலர் வெற்றிலை வாங்குவார்கள். சிலர் லாட்டரிச் சீட்டு வாங்குவார்கள்.

அப்படிப் போய்வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவனும் மனைவியும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். கணவனுக்கு ஒரு நாள் கூலி 500 ரூபாய். ஒரே மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "நான் நர்ஸ் ஆவேன்" என்று சொல்லிக் கொண்டிருக்கிறாள்.

கணவன் நல்ல உழைப்பாளி. குடிக்க மாட்டார். பீடியும் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். ஜீப் நிற்கும்போது ஒரு சீட்டு வாங்குவார். சில நாள் இரண்டு வாங்குவார். தினச்சீட்டின் விலை முன்பு 40 ரூபாய். 2025-ஆம் ஆண்டு அது 50 ரூபாய் ஆனது.

மனைவி அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டார். வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். அரிசி, பருப்பு, எண்ணெய், ஜீப் கூலி எல்லாம் அதில் இருக்கும். சீட்டுக் காசு மட்டும் அதில் வராது. அது கணவனின் சட்டைப் பையில் இருந்து போகும் காசு.

ஓணம் நெருங்கியது. தோட்டத்தில் பண்டிகைப் பணமாக 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அன்று இரவு வீட்டில் பேச்சு வந்தது.

"ஓணம் பம்பர் வந்திருக்கு. சீட்டு ஒண்ணு 500 ரூவா. நாலு சீட்டு எடுக்கப் போறேன்" என்றார் கணவன்.

"ஏங்க, மொத்தப் பணத்தையுமா? பிள்ளைக்கு ஸ்கூல் பை கிழிஞ்சு கெடக்கு. மழைக்கு ஒரு குடைகூட இல்ல" என்றார் மனைவி.

"இது சும்மா வந்த காசுதானே? நம்ம கூலியிலயா கை வைக்கிறேன்? வாளையாறுல சீட்டு எடுத்த நம்ம ஊர்க்காரங்களுக்கு 25 கோடி விழுந்துச்சு. தெரியும்ல?"

மனைவிக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கணவன் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று மனதில் பட்டது. அது என்ன?

2. எல்லை தாண்டிப் போகும் சீட்டு

கேரள அரசு 1967-ஆம் ஆண்டு லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ஆம் நாள் நடந்தது. அன்று சீட்டின் விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய்.

தமிழ்நாட்டிலும் 1968-ஆம் ஆண்டு அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. பல ஆண்டுகள் நடந்தது. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் பல அதனால் கடனில் விழுந்தன. 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தது. அந்த மாநிலத்துக்குள் சீட்டு விற்பது குற்றம்.

ஆனால் கேரளத்தில் சீட்டு விற்பனைக்குத் தடை இல்லை. அதனால் தமிழ்நாட்டு மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய இடங்களிலும், இடுக்கி மாவட்டத்தில் குமுளி, கம்பம்மெட்டு ஆகிய இடங்களிலும் சீட்டு வாங்கலாம். 2024-ஆம் ஆண்டு ஓணம் பம்பர் சீட்டு மிக அதிகமாக விற்ற மாவட்டம் பாலக்காடு.

2023 செப்டம்பர் 20-ஆம் நாள் ஓணம் பம்பர் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு 25 கோடி ரூபாய். தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு அந்தப் பரிசு விழுந்தது. சீட்டு வாங்கிய இடம் வாளையாறு. கணவன் சொன்ன செய்தி இதுதான்.

சீட்டு விற்பவர்களில் பலர் முதியவர்கள். பலர் உடல் ஊனமுற்றவர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. 2011-ஆம் ஆண்டு காருண்யா என்ற சீட்டு வந்தது. அதன் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவியது. இதுவும் உண்மை. எனவே விற்பவரைத் திட்டுவது இந்தப் பாடம் இல்லை. வாங்குபவர் மனதில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் பாடம்.

காசைச் செலவு செய்யும்போது மனம் சில தவறுகளைச் செய்கிறது. ஒரே மாதிரித் தவறுகளை எல்லார் மனமும் செய்கிறது. அவற்றை 'மயக்கம்' என்று அழைக்கலாம். ஆறு மயக்கங்களைப் பார்ப்போம்.

3. முதல் மயக்கம்: கண்ணில் பட்டதே உலகம்

பரிசு விழுந்தவரின் படம் பத்திரிகையில் வருகிறது. டி.வி.யில் வருகிறது. பரிசு விழாதவரின் படம் எங்கே வருகிறது? எங்கும் வராது.

2023-ஆம் ஆண்டு ஓணம் பம்பரில் 75 லட்சம் சீட்டுகளுக்கு மேல் விற்றன. முதல் பரிசு விழுந்தது ஒரே ஒரு சீட்டுக்கு.

75 லட்சம் என்றால் எவ்வளவு? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இடுக்கி மாவட்டத்தில் சுமார் 11 லட்சம் பேர். பாலக்காடு மாவட்டத்தில் சுமார் 28 லட்சம் பேர். இரண்டும் சேர்ந்தால் 39 லட்சம். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கினாலும் 39 லட்சம்தான். விற்ற சீட்டு அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொரு கணக்கு. ஒரு நொடிக்கு ஒரு சீட்டு வீதம் எண்ணுவோம். தினமும் 8 மணி நேரம் எண்ணுவோம். ஒரு நாளில் 28,800 சீட்டு எண்ணலாம். 75 லட்சம் சீட்டையும் எண்ணி முடிக்க 260 நாள் ஆகும். ஏறக்குறைய ஒன்பது மாதம்! அந்த ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு நொடியில் வரும் சீட்டுக்குத்தான் 25 கோடி.

நாலு சீட்டு வாங்கினால் நாலு நொடி. அவ்வளவுதான்.

பணக் கணக்கையும் பார்ப்போம். 75 லட்சம் சீட்டு. ஒன்று 500 ரூபாய். மொத்தம் 375 கோடி ரூபாய் மக்கள் கொடுத்தது. எல்லாப் பரிசும் சேர்த்துத் திரும்பி வந்தது சுமார் 125 கோடி. மூன்று ரூபாய் போனால் ஒரு ரூபாய் திரும்புகிறது. மீதி வரியாகவும் கமிஷனாகவும் அரசு வருமானமாகவும் போகிறது. 25 கோடியும் முழுசாகக் கைக்கு வராது. ஏஜெண்டு கமிஷன் 10 சதவீதம் போகும். பிறகு வருமான வரி போகும். கடைசியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

அந்தப் பணம் வந்தவருக்கும் கவலை வருகிறது. 2022-ஆம் ஆண்டு ஓணம் பம்பரில் 25 கோடி ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு விழுந்தது. உதவி கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று அவர் சில நாளிலேயே சொன்னார்.

4. இரண்டாம் மயக்கம்: இவ்வளவு போட்டாச்சு

"பத்து வருசமா எடுக்கிறேன். இப்ப விட்டா இதுவரை போட்டது வீணாயிடும்" என்று சிலர் சொல்வார்கள்.

இது தவறு. போன காசு போனதுதான். இன்று ஒரு சீட்டு வாங்கினாலும் போன காசு திரும்பாது. வாங்காவிட்டாலும் திரும்பாது. இன்றைய 50 ரூபாயை என்ன செய்வது என்பதுதான் இன்றைய கேள்வி.

"இத்தனை நாள் விழல. இனிமே கட்டாயம் விழும்" என்றும் சொல்வார்கள். இதுவும் தவறு. குலுக்கும் இயந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது. யார் பத்து வருடம் வாங்கினார், யார் இன்றுதான் வாங்கினார் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அது முதல் நாள்தான்.

இந்த மயக்கம் சீட்டில் மட்டும் வருவதில்லை. ஒருவர் பழைய மோட்டார் பைக்கை 8,000 ரூபாய் கொடுத்துப் பழுது பார்க்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் நின்றுவிடுகிறது. "8,000 போட்டாச்சே" என்று இன்னும் 5,000 போடுகிறார். பிறகு இன்னும் 4,000. கிணற்றில் போட்ட கல்லை எடுக்க இன்னொரு கல்லைப் போட்டது போல் ஆகிறது.

5. மூன்றாம் மயக்கம்: ஒரு நம்பரில் போச்சு

சீட்டின் கடைசி எண் 7. பரிசு விழுந்த எண் 8. "ஐயோ, ஒரு நம்பரில் போச்சே!" என்று மனம் துடிக்கிறது. நாளைக்கு நிச்சயம் விழும் என்று தோன்றுகிறது.

ஏலத்தோட்டத்தில் ஒரு மரக்கிளை முறிந்து பக்கத்தில் விழுந்தால் தப்பித்தோம் என்று சொல்லலாம். அது உண்மையிலேயே பக்கம். ஆனால் சீட்டில் பக்கம், தூரம் என்பது இல்லை. 7-க்குப் பக்கத்தில் 8 இருப்பது எழுதும் வரிசையில்தான். குலுக்கலில் எல்லா எண்ணும் ஒன்றே. ஒரு எண்ணில் போனாலும் ஒரு லட்சம் எண்ணில் போனாலும் போனது போனதுதான்.

இந்தத் துடிப்புதான் ஆளை மறுபடியும் கடைக்கு இழுக்கிறது. 'மூணு நம்பர் சீட்டு' என்ற சட்ட விரோதச் சீட்டு இன்னும் மோசம். அதில் முடிவு உடனே தெரியும். உடனே அடுத்ததை வாங்கத் தோன்றும். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கத் தோன்றும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்தச் சீட்டுக் கடனால் ஒரு குடும்பமே அழிந்தது. கடன் தொல்லை தாங்க முடியவில்லை என்றால் அதை மறைக்கக் கூடாது. நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வழி பிறக்கும்.

6. நான்காம் மயக்கம்: சும்மா வந்த காசு

கூலிக் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறோம். போனஸ் காசைத் தண்ணீராகச் செலவு செய்கிறோம். ஏன்? மனதில் தனித் தனிப் பைகள் இருக்கின்றன. இது உழைத்த காசு, இது சும்மா வந்த காசு, இது பண்டிகைக் காசு என்று மனம் பிரிக்கிறது. ஆனால் கடையில் 100 ரூபாய் எந்தப் பையில் இருந்து வந்தாலும் 100 ரூபாய்தான்.

போனஸ் சும்மா வந்த காசா? மூணாறைப் பார்ப்போம். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அதற்கு முந்தைய ஆண்டு போனஸ் 19 சதவீதம். அந்த ஆண்டு 10 சதவீதம்தான் என்றார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தார்கள். மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள். ஒன்பது நாள் போராடினார்கள். கடைசியில் போனஸும் கூடுதல் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது.

அந்தக் காசைச் சும்மா வந்த காசு என்று யார் சொல்ல முடியும்? ஒரு வருடம் அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்தின் கூலிதான் அது. பிந்தி வந்த கூலி. அவ்வளவுதான்.

ஓணத்துக்கு முன்னால் போனஸ் வருகிறது. அதே நேரத்தில் பம்பர் சீட்டும் வருகிறது. ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் வருகிறது. தவணைக்குச் சாமான் விற்பவரும் வருகிறார். எல்லாருக்கும் தெரியும், இந்த மாதம் தொழிலாளி கையில் காசு இருக்கும் என்று.

7. ஐந்தாம் மயக்கம்: சின்னக் காசுதானே

"50 ரூபாயில் என்ன ஆகிவிடப் போகிறது?" ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் இல்லை. செலவுக்கும் அதே கணக்குதான்.

ஒரு நாளைக்கு 50 ரூபாய். ஒரு மாதத்துக்கு 1,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு 18,250 ரூபாய். பத்து வருடத்துக்கு 1,82,500 ரூபாய்.

மொத்தமாக 18,250 ரூபாயை ஒரே நாளில் சீட்டுக்குக் கொடுக்கச் சொன்னால் யாராவது கொடுப்பார்களா? மாட்டார்கள். கை நடுங்கும். 50, 50 ஆகப் போகும்போது கை நடுங்குவதில்லை. தவணை வட்டியும் இப்படித்தான். "வாரம் 200 கட்டினால் போதும்" என்பார்கள். எத்தனை வாரம் என்று கேட்க வேண்டும். 60 வாரம் என்றால் 12,000 ரூபாய். அதே மிக்ஸி ரொக்கத்துக்கு 7,000 என்றால் 5,000 ரூபாய் அதிகம்.

8. ஆறாம் மயக்கம்: அடித்துப் போட்ட விலை

ஒரு சேலையில் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 1,800 என்று எழுதி அடித்திருக்கிறது. கீழே 999 என்று எழுதியிருக்கிறது. பார்த்தவுடன் 801 ரூபாய் லாபம் என்று மனம் சொல்கிறது.

801 ரூபாய் எங்கே வந்தது? கையில் இருந்து 999 ரூபாய் போனதுதான் உண்மை. முதலில் பார்த்த 1,800 மனதில் ஆணி போல் இறங்கிவிட்டது. பிறகு எந்த விலையையும் அதோடுதான் மனம் ஒப்பிடுகிறது. அடித்த விலையை மறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். "இந்தச் சேலை 999 பெறுமா? இது இப்போது வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். 999 என்று எழுதுவதிலும் ஒரு தந்திரம். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய்தான் குறைவு. மனமோ அதைத் தொள்ளாயிரம் என்று வாசிக்கிறது.

9. இது அறிவில்லாதவருக்கு மட்டும் வருமா?

இல்லை. படித்தவருக்கும் வரும். பணக்காரருக்கும் வரும்.

டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்று இரண்டு அறிஞர்கள். அவர்கள் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். 1979-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். 100 ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் தொலைந்தால் வரும் வலி பெரிது என்று காட்டினார்கள். விட்டதைப் பிடிக்க மனம் ஏன் ஓடுகிறது என்று இதில் புரிகிறது. மிகச் சிறிய வாய்ப்பை மனம் பெரிதாக எண்ணிக் கொள்கிறது என்றும் காட்டினார்கள். சீட்டு ஏன் இழுக்கிறது என்று இதில் புரிகிறது. கானமனுக்கு 2002-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மனதில் இருக்கும் தனித் தனிப் பைகளைப் பற்றி எழுதியவர் ரிச்சர்ட் தேலர். அவருக்கு 2017-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. ஆனந்தி மணி என்ற பொருளாதார அறிஞரும் வேறு மூவரும் செய்தார்கள். 2013-ஆம் ஆண்டு அது வெளியானது.

கரும்பு வெட்டுவதற்கு முன் விவசாயி கையில் காசு இருக்காது. கடன் இருக்கும். வெட்டி விற்ற பிறகு கையில் காசு இருக்கும். ஒரே விவசாயிக்கு இரண்டு நேரத்திலும் புதிர்கள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் அவர் அதிகத் தவறு செய்தார். வெட்டுக்குப் பின் நன்றாகச் செய்தார். ஆள் ஒருவர்தான். மூளையும் ஒன்றுதான். பணக் கவலை மூளையில் பாதி இடத்தைப் பிடித்துக் கொண்டதுபோல் இருந்தது. மீதி இடத்தில்தான் அவர் யோசிக்க வேண்டியிருந்தது.

இதில் இருந்து ஓர் உண்மை தெரிகிறது. ஏழை தவறு செய்வது அறிவு இல்லாததால் அல்ல. கவலை அழுத்துவதால். எனவே கவலை அழுத்தும் நேரத்தில் பெரிய செலவை முடிவு செய்யக் கூடாது. காசு வரும் முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போதே, முடிவு செய்து வைக்க வேண்டும்.

10. என்ன செய்யலாம்?

எழுதி வைக்கலாம். ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுத வேண்டும். சட்டைப் பைக் காசையும் எழுத வேண்டும். வந்ததையும் எழுத வேண்டும், போனதையும் எழுத வேண்டும். மனம் மறக்கும். நோட்டு மறக்காது.

ஒரு ராத்திரி பொறுக்கலாம். 500 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு நாள் தள்ளிப் போடலாம். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம்.

வேறு என்ன வாங்கலாம் என்று கேட்கலாம். 500 ரூபாய்ச் சீட்டு என்றால் ஒரு நாள் கூலி. அதில் ஒரு குடையும் நாலு நோட்டும் வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வந்த அன்றே பிரித்து வைக்கலாம். மனதில் தனிப் பை இருப்பது கெடுதல் மட்டும் இல்லை. அதையே நல்லதற்கும் பயன்படுத்தலாம். படிப்புக்கு ஒரு டப்பா, வைத்தியத்துக்கு ஒரு டப்பா என்று வைக்கலாம். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாய் முதல் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். ஐந்து வருடம் கட்ட வேண்டும். கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய குடும்பஸ்ரீ இருக்கிறது. அதன் அயல்கூட்டங்களில் பெண்கள் வாரா வாரம் கூடிச் சிறு தொகை சேமிக்கிறார்கள். கூடிச் சேமித்தால் நடுவில் விடத் தோன்றாது.

வரம்பு வைக்கலாம். ஒரு பழக்கத்தை ஒரே நாளில் விடுவது கடினம். வாரம் ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று முதலில் முடிவு செய்யலாம். கடன் வாங்கிச் சீட்டு வாங்குவது மட்டும் ஒருபோதும் கூடாது.

11. நோட்டில் ஒரு பக்கம்

அந்தக் குடும்பத்தில் பிறகு என்ன நடந்தது? மனைவி சண்டை போடவில்லை. அடுத்த நாள் நோட்டை எடுத்து வந்தார்.

"ஏங்க, ஒரு மாசம் மட்டும் சீட்டுக் காசையும் எங்கிட்ட சொல்லுங்க. விழுந்தாலும் சொல்லுங்க. எழுதி வைக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல. அதுவரைக்கும் பண்டிகைப் பணம் டப்பாவுல இருக்கட்டும்."

கணவன் சிரித்துக் கொண்டே சம்மதித்தார். பம்பர் குலுக்கலுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

மாதம் முடிந்தது. இருவரும் விளக்கடியில் உட்கார்ந்து கூட்டினார்கள். வேலை நாள் 26. ஒரு சீட்டு வாங்கிய நாள் 22. இரண்டு சீட்டு வாங்கிய நாள் 4. மொத்தம் 30 சீட்டு. 1,500 ரூபாய். விழுந்த பரிசு ஒரே ஒரு தடவை 100 ரூபாய்.

கணவன் மறுபடியும் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரிதான். அந்த 100 ரூபாய் விழுந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்த நாள். விழாத நாள் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"மூணு நாள் கூலி" என்றார் மெதுவாக. "மாசத்துல மூணு நாள் சீட்டுக்காக மலை ஏறியிருக்கேன்."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கணவனே பேசினார்.

"முழுசா விடுவேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா பொய்யாயிடும். சனிக்கிழமை மட்டும் ஒண்ணு. அதையும் நோட்டுல எழுது."

வாரம் ஒன்று என்றால் மாதம் 200 ரூபாய். மீதி 1,300. அதில் 1,000 ரூபாயை மகள் பெயரில் தபால் ஆபீஸில் கட்ட முடிவு செய்தார்கள். 300 ரூபாய் வீட்டுச் செலவுக்கு. ஐந்து வருடத்தில் 60,000 ரூபாயும் அதற்கு வட்டியும் கிடைக்கும். அந்த நேரம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பாள்.

பண்டிகைப் பணத்தில் ஸ்கூல் பையும் குடையும் வாங்கினார்கள். ஒரு பம்பர் சீட்டும் வாங்கினார்கள். நாலு இல்லை, ஒன்று. அதுவும் நோட்டில் ஏறியது.

குலுக்கல் நாள் வந்தது. சீட்டில் ஒன்றும் விழவில்லை. அன்று மலையில் நல்ல மழை. மகள் புதுக் குடையோடு பள்ளிக்கூடம் போனாள்.

புதிய சொற்கள்

மயக்கம்: உண்மை தெரியாமல் மனம் தடுமாறுதல்
வரம்பு: இதற்கு மேல் கூடாது என்ற எல்லை
ரொக்கம்: உடனே கையில் கொடுக்கும் பணம்
தொடர் வைப்பு: மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேமிப்பது
அயல்கூட்டம்: பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த சிறு குழு

பேசுங்கள், எழுதுங்கள்

1. "இது சும்மா வந்த காசுதானே" என்று கணவன் சொன்னார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. பரிசு விழுந்தவரை எல்லாருக்கும் தெரிகிறது. விழாதவரை ஏன் தெரிவதில்லை?
3. ஒருவர் தினமும் 30 ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்குகிறார். ஒரு மாதத்துக்கு எவ்வளவு? ஒரு வருடத்துக்கு எவ்வளவு?
4. ஒரு குக்கர் ரொக்கத்துக்கு 1,600 ரூபாய். தவணைக்கு வாரம் 100 ரூபாய் வீதம் 24 வாரம். எது லாபம்? எவ்வளவு லாபம்?
5. கரும்பு விவசாயிகளின் ஆராய்ச்சியில் இருந்து என்ன தெரிகிறது?
6. இந்த வாரம் உங்கள் கையில் இருந்து போன எல்லாக் காசையும் ஒரு தாளில் எழுதுங்கள். கணக்கில் வராமல் போன காசு எது? குழுவில் பேசுங்கள்.